நூற்று எண்பத்தேழாவது துண்டு

22 பிப்ரவரி 2023, சாம்பல் புதன்

எங்கள் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் போதகர் பிரின்ஸ் ஐயர் இன்று ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். லெந்து நோன்பு நாற்பது நாளும், ஈஸ்டர் வரைக்கும், அன்றன்று நாம் பெற்ற கிருபை எதுவோ அதை ஒரு வரியாவது எழுத வேண்டுமாம். முப்பத்து நாலு வயது. இப்படி ஏதாவது செய்யாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

பிரசங்கமும் அதேதான். தகுதி பார்த்துக் கொடுத்தால் அதற்குப் பெயர் சம்பளம், தகுதி இல்லாதவனுக்குக் கொடுத்தால்தான் கிருபை என்றார். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கொரோனா வருஷத்தில் பரீட்சையே எழுதாத பிள்ளைகளை எல்லாம் ஆல் பாஸ் போட்டார்களே, அதுதான் ஞாபகம் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் இதைச் சொன்னால் எப்படி ஏறும்?

இன்றைய கிருபை: குழாயில் தண்ணீர் வந்தது.

23 பிப்ரவரி, வியாழன்

பால் கெட்டியாக இருந்தது. கிருபை.

4 மார்ச், சனி

நாளை மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. அப்பம் செய்தேன். இது பத்தொன்பது வருஷமாக என் வேலை. மைதா, உப்பு, தண்ணீர், இவ்வளவுதான். மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் இரண்டு பக்கமும் நிறம் மாறாமல் வாட்டி எடுக்க வேண்டும். ஆறியதும் ஓரத்தை வெட்டித் தள்ளிவிட்டு, பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த மர ஸ்கேலை வைத்து அரை இஞ்சுக்கு அரை இஞ்சு துண்டு போடுவேன்.

எங்கள் சபையில் திருவிருந்து வாங்குகிறவர்கள் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கோயில்குட்டி தங்கையா ஆலயத்தைக் கூட்டி மணி அடிக்கிற வேலையோடு அந்தப் பட்டியலையும் எழுதி என் வீட்டில் கொண்டுவந்து தருவார். எத்தனை பெயரோ அத்தனை துண்டு. ஜெபித்துப் படைத்த அப்பம் மீதியாகக் கூடாது என்று பழைய ஐயர் ஒருவர் சொன்னார். அன்றிலிருந்து ஒன்று கூடியதும் இல்லை, ஒன்று குறைந்ததும் இல்லை. தட்டில் கடைசித் துண்டு என்னுடையது. செய்தவள் கடைசியில் வாங்குவதுதான் முறை என்று நானே வைத்துக்கொண்டது. மற்றவர்களைப்போல் முண்டியடித்துக்கொண்டு ஓடுவது எனக்குப் பிடிக்காது.

நாளைக்கு 131.

இன்றைய கிருபை: ஒரு துண்டுகூடக் கோணவில்லை. ஆனால் இது கிருபையா? என் கைப்பழக்கம்.

6 மார்ச், திங்கள்

பக்கத்து வீட்டுச் சொர்ணம் துணி காயப்போட வந்தவள், காயப்போட்டு முடித்த பிறகும் நின்றுகொண்டே இருந்தாள். அப்படி நின்றால் அவளிடம் செய்தி இருக்கிறது என்று அர்த்தம்.

"டீச்சர், ஒங்களுக்குத் தெரியுமா? வாத்தியார் வந்திருக்காவ."

"எந்த வாத்தியார்?"

"என்ன இப்படிக் கேக்கீய. ஒங்க வாத்தியார்தான். அவிய அண்ணன் வீட்டு மாடியில இருக்காவளாம். ஆளு பாதியாப் போயிட்டாவ. நுரையீரல்ல ஏதோ கோளாறாம்."

ஓகோ என்றேன். துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தேன், புடைத்து முடித்தேன்.

இங்கே என்னைக் கட்டிய அந்த மனுஷனின் பெயரை எழுதமாட்டேன். 2001 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த திங்கட்கிழமை, தையல் டீச்சர் ஸ்டெல்லாவோடு பம்பாய்க்குப் போனவர். ஆலயத்தில் ஆர்மோனியம் வாசிப்பவர் என்பதால், போகும்போது தன் சொந்த ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஒன்பது வயது மகளின் போட்டோ ஆர்மோனியம் இருந்த மேசைமேல்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. அதன்பிறகு ஒரு வார்த்தை கிடையாது, ஒரு கடுதாசி கிடையாது. அடுத்த ஞாயிறு நான் மகள் பியூலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடு வாசல் வழியாகத்தான் ஆலயத்துக்குள் போனேன். பக்க வாசல் வழியாகப் போயிருக்கலாம். போகவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறு நான் தவறியதில்லை, டைபாய்டு வந்த இரண்டு வாரமும் கொரோனாவில் ஆலயம் பூட்டிக் கிடந்த நாட்களும் தவிர.

கிருபை ஒன்றும் இல்லை இன்று.

8 மார்ச், புதன்

ஐயர் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"டீச்சர், அவர் என்னை வந்து பார்த்தார். சபையில திரும்பச் சேரணும்னு கேக்கார்."

"சேந்து?"

"ஈஸ்டர் அன்னைக்குத் திருவிருந்து வாங்கணுமாம். டாக்டர் அதிக நாள் சொல்லல போல."

"அந்தப் பொம்பள?"

"போன வருஷம் இறந்துட்டாங்க."

அப்படிச் சொல்லுங்கள். அங்கே சமைத்துப்போட ஆள் இல்லை, இங்கே இரட்சிப்பு ஞாபகம் வந்துவிட்டது. வாயில் வந்ததை அப்படியே சொன்னேன். ஐயர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் எழுந்து போகவில்லை.

எங்கள் சபையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு ஓலை என்று மணமக்கள் பெயரை வாசிப்பதுபோல், சபையிலிருந்து நீக்கப்பட்டவர் திரும்பி வந்தாலும் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பார்கள். தடை இருக்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். கடைசியாக எப்போது வாசித்தார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. இந்த வாரம் முதல் வாசிப்பாம்.

"நீங்க தடை எழுதினா நான் கமிட்டியில வைக்கணும். அது ஒங்க உரிமை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

மீதிக் காபியைக் குடிக்காமலே போனார். டம்ளரை இரண்டு தடவை கழுவினேன்.

12 மார்ச், ஞாயிறு

வாசித்தார்கள். "ஜெயசிங், காலஞ்சென்ற தேவசகாயம் அவர்களின் இளைய குமாரன்." ஐயர் பெயரைச் சொன்னதும் மொத்த ஆலயமும் என் பின்னந்தலையைப் பார்த்தது. எனக்குப் பின்னால் கண் இல்லை, ஆனாலும் தெரியும். அந்த மனுஷன் வரவில்லை. மூன்று வாசிப்பும் முடிகிறவரை வரக் கூடாது என்பது முறை.

என் சேலை மடிப்பு கலையாமல் எழுந்து நின்று கடைசி வாழ்த்துப் பாடினேன்.

13 மார்ச், திங்கள்

ரேஷன் கடைக்குப் போனேன். பாமாயில் வரவில்லை.

16 மார்ச், வியாழன்

தடை எழுதினேன். நாலு முறை கிழித்துப்போட்டு ஐந்தாவது முறை சரியாக வந்தது. வரிசை எண் போட்டு எழுதினேன். ஒன்று, மனைவியையும் மைனர் மகளையும் கைவிட்டது. இரண்டு, சபையில் பொறுப்பு வகித்துக்கொண்டே விபசாரம். மூன்று, இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கடிதம்கூட எழுதாதது. நாலு, என் தாயார் இறந்தபோது வராதது. ஐந்து, மகளின் கல்யாணத்துக்கு வராதது. ஆகவே மேற்படியார் திருவிருந்துக்குத் தகுதியுடையவர் அல்ல.

கீழே கையெழுத்து: அ. வயலட். பெயருக்குப் பின்னால் "ஜெயசிங்" என்று போடுவதை விட்டு எவ்வளவோ காலம் ஆகிவிட்டது.

திரும்பப் படித்தேன். நல்ல கடிதம். எனக்கே திருப்தியாக இருந்தது. அதை நோட்டில் கிருபை என்று எழுதலாமா என்றுகூட யோசித்தேன். சிரிப்பு வந்தது.

19 மார்ச், ஞாயிறு

இரண்டாவது வாசிப்பு. ஆராதனை முடிந்ததும் பாடகர் அறைக்குப் போய் ஐயர் கையில் கவரைக் கொடுத்தேன். அங்கி கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கை அங்கிக்குள் மாட்டியபடியே வாங்கினார்.

"படிச்சிட்டுச் சொல்றேன் டீச்சர்."

"படிக்க என்ன இருக்கு? உண்மைய எழுதியிருக்கேன்."

"அவர்கிட்டயும் காட்டணும். அதான் முறை."

காட்டட்டும். படித்துப் பார்க்கட்டும். யாராவது ஒருத்தி அவரிடம் கணக்குக் கேட்கிற நாள் வரத்தானே வேண்டும்?

21 மார்ச், செவ்வாய்

சொர்ணம் பனங்கிழங்கு கொண்டுவந்தாள். "ஊருல எல்லாரும் ஒங்க பக்கம்தான் டீச்சர்" என்றாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், "அவ வாயிக்கு எவன் இருப்பான்" என்று இதே சொர்ணம் தண்ணிக் குழாயடியில் சொன்னது எனக்குத் தெரியும். கிழங்கு நன்றாக அவிந்திருந்தது.

23 மார்ச், வியாழன்

ஐயர் வந்தார். என் கடிதத்தை மேசைமேல் வைத்தார்.

ஒவ்வொரு வரிக்கும் நேராக ஓரத்தில் "உண்மை" என்று எழுதியிருந்தது. அந்தக் கையெழுத்தை மறக்க முடியுமா? கரும்பலகையில் பார்த்துப் பழகிய குண்டு எழுத்து, இப்போது நடுங்கியிருந்தது. ஒன்று, உண்மை. இரண்டு, உண்மை. மூன்று, உண்மை. நாலு, உண்மை. ஐந்து, உண்மை.

அதோடு விட்டாரா? கீழே அவராக இரண்டு சேர்த்திருந்தார். ஆறு: நான் போன அன்று பியூலாவுக்குக் காய்ச்சல், தெரிந்தே போனேன். ஏழு: பம்பாய் சபையில் என் மனைவி இறந்துவிட்டாள் என்று சொன்னேன். அப்படிச் சொல்லித்தான் அங்கே திருவிருந்து வாங்கினேன். பதினாறு வருஷம்.

கடைசியில் "நான் தகுதியுடையவன் அல்ல" என்று எழுதிக் கையெழுத்து.

"டீச்சர்" என்றார் ஐயர், "இப்ப நான் இதை வச்சு என்ன செய்ய? தகுதி இல்லைன்னு நீங்க சொல்றீங்க. அவரும் அதைத்தான் சொல்றார். கமிட்டியில யாரு யாருக்கு எதிரா வழக்காடுவாங்க?"

"அப்போ சேக்கக் கூடாது. ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்லுதோம்லா?"

"தகுதி இல்லைன்னு சொல்றவங்களுக்குத்தானே அந்த மேசை போட்டிருக்கு."

வெளியே போங்கள் என்று சொல்லவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன், அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனார்.

24 மார்ச், வெள்ளி

நான் செத்துப்போனேனாம். பதினாறு வருஷம் பம்பாயில் செத்துப்போய் இருந்திருக்கிறேன். இங்கே நான் பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுத்துக்கொண்டு, பியூலாவை நர்சிங் படிக்க வைத்துக்கொண்டு, மாதா மாதம் அப்பம் வாட்டிக்கொண்டு இருந்த அத்தனை காலமும் அங்கே எனக்காக யாராவது ஜெபம்கூடச் செய்திருப்பார்கள். பாவம், இளவயதில் போய்விட்டாள் என்று. நினைக்க நினைக்க உடம்பு எரிகிறது. இதற்கும் மன்னிப்பு உண்டாம். கேட்டால் போதுமாம். அப்படியானால் ஒழுங்காக இருந்தவளுக்கு என்ன உண்டு? அதை ஒரு ஐயரும் இதுவரை பிரசங்கம் செய்யவில்லை.

இன்னொன்று. மூன்றாவது வரிக்கு நேராக அவர் "உண்மை" என்று எழுதியது சரியில்லை.

கடிதம் வந்தது. பதினொரு கடிதம். கடைசியாக வந்தது 2004இல். நான் பிரிக்கவில்லை. பிரிட்டானியா டின்னில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். பிரிக்காத கடிதம் வராத கடிதம்தான். அப்படித்தான் நான் பியூலாவிடமும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் எழுதியவருக்குத் தெரியும் அல்லவா, எழுதினேன் என்று? மறந்துபோகிற விஷயமா அது? "இது பொய்" என்று ஓரத்தில் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என் தடைக் கடிதமே நாறியிருக்கும். ஐயர் முன்னால் நான் தலைகுனிந்திருப்பேன்.

எழுதவில்லை. எனக்கு அவர் செய்த உபகாரமாம் அது. யார் கேட்டார்கள்?

26 மார்ச், ஞாயிறு

மூன்றாவது வாசிப்பும் ஆயிற்று. "தடை ஏதுமில்லை" என்றார் ஐயர். சனிக்கிழமையே ஐயர் வீட்டுக்குப் போய் என் கவரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காரணம் எழுத விருப்பமில்லை.

2 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பியூலா நேற்றே நாகர்கோவிலிலிருந்து வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு டியூட்டி, வரவில்லை. குருத்தோலைப் பவனியில் என்னோடு நடந்தாள். சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவும்போதுதான் சொன்னாள்.

"அம்மா, நேத்து வர்ற வழியில பெரியப்பா வீட்டுக்குப் போனேன். அப்பாவைப் பாத்தேன்."

கையிலிருந்த தட்டு நழுவித் தொட்டியில் விழுந்தது. எவர்சில்வர்தான், உடையவில்லை.

"யாரக் கேட்டுப் போன?"

"முப்பத்தோரு வயசாச்சும்மா எனக்கு."

"ஒரு கடுதாசி போடாத மனுஷன..."

"பதினொண்ணு போட்டாரு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பியூலாதான் குழாயை மூடினாள்.

"அந்த ஆளு சொன்னாராக்கும்?"

"அவர் ஒண்ணும் சொல்லல. எட்டாம் கிளாஸ் லீவுல அரிசி எடுக்கப் போனப்ப டின்னைப் பாத்தேன். எல்லாத்தையும் பிரிச்சுப் படிச்சேன். படிச்சிட்டு சோத்துப் பருக்கைய வச்சு ஒட்டி, அதே வரிசையில வச்சிட்டேன். நீ இத்தன வருஷமா கவனிக்கலியா?"

நான் அந்த டின்னைத் தொட்டால்தானே கவனிக்க.

"ஏன் என்ட்ட கேக்கல?" என்றேன்.

"ஒரு வாரம் ஒங்கிட்ட பேசாம இருந்தேன். ஒனக்கு ஞாபகம் இருக்காது. எனக்குக் காய்ச்சல் வரப்போகுதுன்னு நெனச்சுக் கஞ்சி வச்சு, சுட்ட அப்பளத்தோட தந்த. குடிச்சேன். அதோட சரி."

"எதுக்கு அதோட சரி?"

"நீ தனியா இருந்தியேம்மா."

சொல்லிவிட்டுத் துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைக்க ஆரம்பித்தாள். ஐந்தே கால் பஸ்ஸில் போய்விட்டாள்.

3 ஏப்ரல், திங்கள்

எனக்குக் கோபம் ஆறவில்லை. என்னை மன்னிக்க இவள் யார்? நான் கேட்டேனா? பெற்று, வளர்த்து, பேன் பார்த்து, படிக்க வைத்து, ஒற்றை ஆளாகக் கல்யாணம் செய்துகொடுத்த தாயை, பன்னிரண்டு வயசில் ஒரு கிண்ணம் கஞ்சியோடு மன்னித்துவிட்டாளாம். சொல்லாமல் கொள்ளாமல். பத்தொன்பது வருஷம் அந்த மன்னிப்பில் நான் சோறு தின்றிருக்கிறேன், எனக்கே தெரியாது. அவளுடைய கல்யாணத்தன்று, "அப்பனுக்கு நெனப்பே இல்ல பாத்தியா" என்று நான் சொன்னபோது, அவள் என் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் நின்றாள். எல்லாம் தெரிந்துகொண்டே நின்றிருக்கிறாள்.

திட்டியிருக்கலாம். ஒரு தடவையாவது எதிர்த்துப் பேசியிருக்கலாம். அதற்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். இதற்கு என்ன சொல்ல?

5 ஏப்ரல், புதன்

கழுத்து வலி. தைலம் தேய்த்தேன். டின்னை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். திரும்பவும் உள்ளே வைத்தேன்.

7 ஏப்ரல், பெரிய வெள்ளி

மும்மணித் தியான ஆராதனை, பன்னிரண்டு முதல் மூன்று வரை. அந்த மனுஷன் வந்திருந்தார். ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்ச், தூணுக்குப் பின்னால். இருபத்திரண்டு வருஷம் கழித்து நான் பார்த்தது முகத்தை அல்ல, இருமலை. ஒவ்வொரு ஜெபத்துக்கும் நடுவில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருமினார். முன்னெல்லாம் ஊரே கேட்கிற குரல். ஆர்மோனியத்தை மீறிக் கேட்கும்.

இரக்கமாக இருந்ததா என்று என்னை நானே கேட்டேன். இல்லை. சத்தமாகவே இருமித் தொலைக்கலாமே என்று எரிச்சலாக இருந்தது.

8 ஏப்ரல், சனி

காலை பதினொன்றரைக்குத் தங்கையா பட்டியல் கொண்டுவந்தார். இந்த மாதம் முதல் ஞாயிறுக்குப் பதில் ஈஸ்டருக்குத்தான் திருவிருந்து, பண்டிகை என்பதால் வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருக்கிறார்கள். 187 பெயர். கடைசிப் பெயர், தங்கையாவின் கையெழுத்தில், தே. ஜெயசிங்.

"கூட்டிப் பாத்துட்டேன் டீச்சர். சரியா இருக்கு" என்றார் தங்கையா. நானும் கூட்டினேன். சரிதான்.

அப்பம் நன்றாக வந்தது. வெட்டி, எண்ணி, வெள்ளைத் துணி விரித்த பெட்டியில் பத்துப் பத்தாக அடுக்கினேன். கடைசியில் ஒரு துண்டு ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தது. கோணல் துண்டு பீடத்துக்கு ஆகாது. சுவர்மேல் இருந்த காகத்துக்குப் போட்டேன். மாவு தீர்ந்துவிட்டதால் வேறு வாட்டவில்லை.

பெட்டியில் 186. மாவு தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

9 ஏப்ரல், ஈஸ்டர்

எழுதிவிட வேண்டும்.

மாவு தீரவில்லை. டப்பாவில் பாதி இருக்கிறது.

காலை ஆராதனை. கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து ஆலயம் நிரம்பி வழிந்தது. பியூலாவும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். ஐயர் அந்த மனுஷனை முன்னால் கூப்பிட்டார். வெள்ளை வேட்டி, தொளதொளவென்ற சட்டை, அண்ணனுடையதாக இருக்கும். சபையைப் பார்த்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. "நான் பாவம் செய்தேன். எல்லாருக்கும் தெரியும். தெரியாததும் இருக்கு. என்னை ஏத்துக்கிடுங்க" என்றார். இரண்டு தடவை இருமல் வந்து நின்றுபோனது. சபை "ஆமென்" என்றது. நான் வாயைத் திறக்கவில்லை.

பிறகு திருவிருந்து. வரிசை வரிசையாகப் போனார்கள். பெஞ்சில் உட்கார்ந்து நான் கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணக்கு இதுதான். புதிதாகச் சேர்ந்தவர், எல்லாரும் பார்க்கத் தயங்கித் தயங்கிக் கடைசி ஆளாகப் போவார். தட்டு காலியாக இருக்கும். ஐயர் கையை விரிப்பார். அது ஆண்டவரே செய்ததுபோல் இருக்கும், நான் செய்ததுபோல் இருக்காது. பத்தொன்பது வருஷமாகக் கடைசி ஆள் நான்தான் என்பது எனக்கு எப்படி மறந்தது? கோபத்தில் இருக்கிறவள் தன்னை எண்ண மறந்துவிடுவாள்போல.

கடைசி வரிசையில் ஆண் பெண் என்று பிரிப்பதில்லை, மீதியானவர்கள் சேர்ந்து முழங்கால்படியிடுவோம். பாடகர் இருவர், தங்கையா, பிறகு அந்த மனுஷன். இருந்த ஒரே இடம் அவருக்குப் பக்கத்தில். எழுந்து பின்னால் போக முடியுமா, முழுச் சபையும் பார்க்க? முழங்கால்படியிட்டேன். அவர் சட்டையில் நாப்தலின் வாடை.

ஐயர் இடது பக்கத்திலிருந்து வந்தார். எங்கள் வழக்கம், உள்ளங்கையில் வாங்கி, வரிசை முழுவதும் வாங்கும்வரை காத்திருந்து சேர்ந்து உண்பது. பாடகர், பாடகர், தங்கையா. அவருடைய கையில் ஒரு துண்டு வைத்தார். பிறகு என் முன்னால் வந்து நின்றார். என் கைகள் நீட்டியிருந்தன. தட்டைப் பார்த்தார். துணியைத் தூக்கிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கணக்கு தப்பாத டீச்சர். அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எத்தனை நிமிஷம் என்று தெரியாது. ஆர்கன் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். என் வெறுங்கை நீண்டபடியே இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் மார்க் போட்ட கை. மடக்கவும் முடியவில்லை.

அப்போது பக்கத்தில் அவர் தன் துண்டைப் பிட்டார். அரை இஞ்ச் துண்டு, விரல்களோ நடுங்குகின்றன. இரண்டு மூன்று தடவை முயன்றார். பிட்டதில் ஒரு பாதி பெரிது, ஒரு பாதி சின்னது. பெரியதை என் உள்ளங்கையில் வைத்தார்.

"பியூலா எப்படி வளந்திருக்கா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "நீதான்."



விட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. எனக்கு வேறு துண்டு இல்லை. என் கையால் வாட்டிய அப்பம், நான் யாருக்கு இல்லை என்று வெட்டினேனோ அவர் கையிலிருந்து வந்தால்தான் எனக்கு உண்டு. ஐயர் ஒன்றும் நடக்காததுபோல் வார்த்தைகளைச் சொன்னார். உண்டோம். சேர்ந்துதான்.

வெளியே வந்ததும் பியூலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா, அழுதியா?" என்றாள். தொண்டையில் மாவு ஒட்டிக்கொண்டது என்றேன்.

10 ஏப்ரல், திங்கள்

பியூலா போனில் கேட்டாள், அப்பாவை மன்னிச்சிட்டியா என்று. இல்லை என்றேன். ஏழாவது வரிக்கு இன்னும் உடம்பு எரிகிறது, அதை மறைப்பானேன். ஆனால் மூன்றாவது வரி பொய் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, தங்கையா மூலம் அண்ணன் வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டேன். அ. வயலட் ஜெயசிங்.

டின்னை எடுத்து முதல் கடிதத்தைப் பிரித்தேன். மடிப்பில் ஒரு பருக்கை காய்ந்து கல்லாக இருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். முதல் வரி: பியூலாவுக்குக் காய்ச்சல் விட்டதா?

மே மாதத் திருவிருந்துக்கு இரண்டு கிலோ மைதா வாங்க வேண்டும். பட்டியலில் எத்தனை பெயர் இருந்தாலும் இனி பத்துத் துண்டு கூடுதலாக வெட்டுவேன். மீந்தால் மீந்துவிட்டுப் போகட்டும்.